இரண்டு பேரைப் பிரிக்கச் சொன்னவர்கள்

நீங்கள் பொய் சொன்னீர்கள், தலைவரே. கோயில் ஆண்டு விழா மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் பொய் சொன்னீர்கள்.

மூன்று பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை பின்னேரத்துக்குக் கோயில் மண்டபத்தைக் கேட்டிருந்தார்கள். ஆணை விரும்பும் மகனையோ பெண்ணை விரும்பும் மகளையோ பெற்ற தாய் தகப்பன்மார் கூடியிருந்து மனம்விட்டுக் கதைப்பதற்கு. மூலஸ்தானத்தைக் கேட்கவில்லை. கலியாணங்களுக்கும் பூப்புனித நீராட்டு விழாக்களுக்கும் விடுகிற மண்டபத்தைத்தான் கேட்டார்கள். தர விருப்பமில்லையென்றால் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நீங்கள் மைக்கில் சொன்னீர்கள்: "நாங்கள் ஜேர்மனிக்கு அகதியா வந்து ஹைமில கிடந்த காலத்தில ஆயிரம் கஷ்டம் இருந்தது. ஆனா இப்பிடி ஒரு அசிங்கம் எங்களுக்குள்ள இருக்கேல்லை. இது இஞ்ச பிறந்த பிள்ளையளுக்கு இந்த நாடு குடுத்த வருத்தம்."

சனம் கை தட்டியது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பார்த்த பிறகும் சொன்னீர்கள்.

இனி நான் பேச வேண்டியவர்களிடம் வருகிறேன். அகதிகள் இல்லங்களில் ஆலோசகர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள், தங்கள் சஞ்சிகைக்குப் பணி அனுபவம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். வேறு எதையோ எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆண்டு விழாவுக்குப் போய்வந்த பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

பிள்ளைகளே, விண்ணப்பம் நிரப்புவதையும் வழக்கறிஞரோடு பேசுவதையும் உங்களுக்குப் படிப்பிப்பார்கள். எங்கள் தொழிலில் யாரும் படிப்பிக்காத வேலை ஒன்று உண்டு. யாரை யாரோடு ஒரே அறையில் விடுவது, யார் கேட்டால் மாற்றுவது, யார் கேட்டாலும் மாற்றக்கூடாது என்று தீர்மானிப்பது. கேட்டால் சின்ன வேலை மாதிரி இருக்கும். ஒரு மனிதனின் மிச்ச வாழ்க்கை அதில் போய்விடும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மியூனிக்கின் விளிம்பில், மூடிப்போன பழைய விடுதி ஒன்றை ஒரு கத்தோலிக்க உதவி அமைப்பு அகதிகள் இல்லமாக நடத்தியது. அதைத்தான் ஹைம் என்போம். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்த இளம் ஆண்கள். நான் கலியாணம் கட்டி, எண்பத்து மூன்று கலவரத்துக்கு முன்னமே ஜேர்மனிக்கு வந்தவள். பாஷை ஓரளவு பிடிபட்டிருந்ததால் எனக்கு அங்கே வேலை கிடைத்தது. என்னைவிட மூத்தவர்களும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலையின் பெயர் 'பராமரிப்பாளர்'. குழாய் உடைந்தாலும் நான்தான், ஒருவனின் தகப்பன் ஊரில் செத்துப்போனாலும் நான்தான்.

அந்தப் பெடியள் ஊரில் எப்படி நடந்தார்களோ அப்படியே மியூனிக்கிலும் நடந்தார்கள். ட்ராமுக்குப் போகும்போது ஒருவன் மற்றவனின் சுண்டுவிரலைப் பிடித்திருப்பான். கடைத்தெருவில் தோளில் கை போட்டபடி திரிவார்கள். குளிர் கூடிய நாட்களில் கட்டில்களை இழுத்து ஒன்றாக்கி, போர்வைகளைச் சேர்த்துப் போர்த்துக்கொண்டு நாலைந்து பேர் ஒரே குவியலாகப் படுப்பார்கள். எங்களில் யாருக்கும் அது கண்ணில் பட்டதே இல்லை.

அக்கம்பக்கத்தாருக்குப் பட்டது. பங்குப் பாதிரியாரிடம் போய், அந்த வீட்டில் இருக்கிற கறுத்த ஆண்கள் எல்லாரும் 'அப்படிப்பட்டவர்கள்' என்று சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகைகளில் எய்ட்ஸ் நோயைப் பற்றிய பயம் பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்த காலம் அது. பாதிரியார் ஹைம் இயக்குநரிடம் வந்தார். இயக்குநர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். பயந்துபோய் எல்லாரையும் சாப்பாட்டு மண்டபத்தில் கூட்டினார். முகம் சிவந்து, மேசையைப் பார்த்தபடியே பேசினார். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். இந்த நாட்டில் வீதியில் கைகோர்த்து நடக்கிற ஆண்கள் இன்னார் என்று அர்த்தம். அதனால் இனிமேல் வேண்டாம். அவ்வளவுதான்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்ப யாழ்ப்பாணம் முழுக்க அப்பிடியோ, அக்கா?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. இன்னொருவன் பக்கத்தில் இருந்தவனின் கையைத் தூக்கிப் பிடித்து, "இவனுக்கு ஊரில பொம்பிளை பாத்துக்கொண்டிருக்கினம், இனிக் காசை மிச்சம் பிடிக்கலாம்" என்றான். திரும்பவும் சிரிப்பு. இயக்குநருக்கும் பாரம் இறங்கியது, அவரும் சிரித்தார்.

அடுத்த நாள் எல்லாருடைய கைகளும் ஜாக்கெட் பைக்குள் இருந்தன. அந்த வாரத்துக்குள் கட்டில்கள் சுவரோரமாகப் பிரிந்து போய்விட்டன. ஒருவனின் தோளில் தவறிக் கை பட்டால் அவன் தட்டிவிட்டான். சிரித்த அதே பெடியள் ஒருவரை ஒருவர் கவனிக்கத் தொடங்கினார்கள். இதை மனதில் வைத்திருங்கள், பிள்ளைகளே. ஒரு வீட்டில் இருக்கிற எல்லாரையும் கூட்டி வைத்து ஒரு சந்தேகத்துக்குப் பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டால், அதைத் திருப்பி வாங்க முடியாது. அது யாராவது ஒருவரின் தலையில் போய் இறங்கித்தான் நிற்கும்.

இறங்கியது குகன் மேலும் மரியதாஸ் மேலும்.

குகன் சைவப் பெடியன், ஊரில் வங்கியொன்றில் எழுதுவினைஞராக இருந்தவன். மரியதாஸ் மன்னார்க் கத்தோலிக்கன், வெல்டிங் தெரிந்தவன். இருவருக்கும் முப்பதை ஒட்டிய வயது. ஒரே அறையில் இருந்தார்கள். அதுவரை அவர்களும் மற்றவர்களைப் போலவே கைகோர்த்துத் திரிந்தார்கள், நாற்பது சோடிக் கைகளுக்குள் அவர்களின் கைகளும் கிடந்தன. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மற்றவர்கள் கைகளை மட்டும் விட்டார்கள். முந்தி மாதிரியே பகிடி விட்டார்கள், தங்களுக்குள் அடிபட்டார்கள், ஒரே சிகரெட்டைப் பங்குபோட்டார்கள். இவர்கள் இருவரும் எல்லாவற்றையும் விட்டார்கள். வேறு வேறு மேசையில் சாப்பிட்டார்கள். படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்தார்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் அப்படி நடக்க மாட்டான். இவர்களுக்குப் பயத்தில் அது தெரியவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் பூசை அண்ணை.

இந்தக் கட்டுரையின் முதல் வரியில் நான் கூப்பிட்ட தலைவரைத்தான் அப்போது எல்லாரும் பூசை அண்ணை என்று கூப்பிட்டார்கள். ஹைமின் நிலக்கீழ் அறையில், கரி அடுக்கியிருந்த மூலையைக் கழுவித் துடைத்து, ஒரு முருகன் படத்தை வைத்து, வெள்ளிக்கிழமைப் பூசையைத் தொடங்கியவர் அவர். நியாயமாகச் சொல்ல வேண்டும்: அவர் கெட்டவர் இல்லை. குடிக்கப் போன பெடியளைக் காதில் பிடித்து இழுத்து வந்தவர் அவர். ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்தவனோடு விடியும்வரை இருந்தவர் அவர். அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு இயக்குநரின் சொல்லைவிட மதிப்பு இருந்தது. அதனால்தான் அவர் செய்தது இவ்வளவு பாரமானது.

அவர் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"அக்கா, உங்களோட ஒரு கதை."

"சொல்லுங்கோ."

"குகனையும் மரியதாசையும் பாத்தனீங்களோ? முந்தி ஒட்டிக்கொண்டு திரிஞ்சவை. இப்ப முகம் பாக்கினமில்லை. ஏன்?"

"சண்டை பிடிச்சிருப்பினம்."

"சண்டை பிடிச்சவை இருட்டினாப் பிறகு ஒரே பல்கனியில என்ன செய்யினம்?"

"நீங்கள் ஏன் அவையின்ர பல்கனியைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

கூட வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். பூசை அண்ணை அவனைத் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடினான்.

"பகிடி வேண்டாம், அக்கா. இது பூசை நடக்கிற வீடு. அவை கையால தொட்ட பாத்திரத்தில நாங்கள் பொங்கேலாது. அவையை வேற எங்கையாவது மாத்துங்கோ."

"பூசை நடக்கிறது நிலக்கீழ. அவை படுக்கிறது மேல்மாடி. நடுவில ரெண்டு மாடி இருக்கு. முருகனுக்கு இல்லாத கஷ்டம் உங்களுக்கு என்ன?"

"ஊருக்குக் கதை போனா என்ன நடக்கும் தெரியுமோ? இந்த ஹைமில இருந்த பெடியள் எண்டு சொன்னா ஒருத்தனுக்கும் பெண் குடுக்கமாட்டினம். அவை ரெண்டு பேருக்காக நாங்கள் நாப்பது பேரும் அழியவோ?"

அதில் இருந்த பயம் உண்மையானது. அதை நான் அப்போதும் மறுக்கவில்லை, இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் பயப்படுகிறவனுக்குப் பதில் சொல்வது வேறு, அவன் கைகாட்டுகிறவனைத் தண்டிப்பது வேறு. நான் மாற்ற மாட்டேன் என்றேன். அவர்கள் எழும்பிப் போனார்கள்.

இடம் மாற்றுவது என்றால் என்ன என்று இன்றைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு முழுதாக விளங்காது. அப்போது விண்ணப்பம் நிலுவையில் இருந்த அகதி தனக்கு ஒதுக்கிய மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டிப் பிடிபட்டால் தண்டப் பணம், திரும்பவும் பிடிபட்டால் சிறை. ஒருவனை வேறு மாவட்டத்துக்கு அனுப்பினால், மற்றவன் அவனைப் போய்ப் பார்க்க முடியாது. ஆண்டுக்கணக்கில் முடியாது. கணவன் மனைவி என்றால் சட்டம் ஒன்றாக விடும். இவர்கள் சட்டத்தின் கண்ணில் ஒருவருக்கொருவர் ஒன்றுமில்லை. அறை மாற்றம் மாதிரிக் கேட்டாலும், பூசை அண்ணை கேட்டது அந்தப் பிரிவைத்தான்.

அன்று பின்னேரம் உடுப்புத் தோய்க்கும் அறையில் குகன் என்னிடம் வந்தான். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் அவனுக்கு வசதியாக இருந்தது.

"அக்கா, நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை."

"என்ன கேக்க?"

"உண்மையோ எண்டு."

"அது என்ர வேலை இல்லை. உங்கள் ரெண்டு பேரையும் ஒரே அறையில வைச்சிருக்கவோ வேண்டாமோ எண்டு மட்டும் சொல்லுங்கோ. அதுதான் என்ர வேலை."

அவன் ஓடுகிற இயந்திரத்தின் மேல் கையை ஊன்றினான். பிறகு, "வைச்சிருங்கோ, அக்கா. கெஞ்சிக் கேக்கிறன்" என்றான்.

போகிற போக்கில் ஒன்று சொல்கிறேன். உங்களிடம் வருகிறவர்கள் தாங்களாகச் சொல்லாததைத் தோண்டாதீர்கள். தெரிந்துகொண்டால் கூடுதலாக உதவலாம் என்று உங்களுக்குத் தோன்றும். முக்கால்வாசி நேரம் அது விடுப்புப் பார்க்கிற உங்கள் ஆசைதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் சாப்பாட்டு மறுப்பு தொடங்கியது. ஹைமில் சாப்பாட்டை வெளியிலிருந்து கொண்டுவந்து வைப்பார்கள்: உருளைக்கிழங்கு, வாட்டிய இறைச்சி, புளித்த முட்டைக்கோவா. அதை யாரும் விரும்பிச் சாப்பிட்டதில்லை, ஆனால் தொடாமல் விடுவது வேறு விஷயம். தட்டுகள் அப்படியே திரும்பிப் போயின. அவர்கள் இருவரையும் மாற்றும்வரை தொடமாட்டோம் என்றார்கள். குகனும் மரியதாசும் மட்டும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து விழுங்க முடியாமல் விழுங்கினார்கள்.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். பத்திரிகைக்காரர் வந்துவிடுவார்கள் என்ற கவலை அவருக்கு. மெதுவாக, நல்ல மனிதர் பேசுகிற குரலில் சொன்னார்: "நாங்கள் அவர்களுடைய கலாச்சாரத்தை மதிக்க வேண்டும்."

"அந்த ரெண்டு பேரும் அதே கலாச்சாரம்தான்" என்றேன்.

"பெரும்பான்மை என்ன நினைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அதோடு, உங்களுக்கே தெரியும், எங்கள் திருச்சபையும் இதை ஏற்றுக்கொள்வதில்லை."

மற்ற நாட்களில் நிலக்கீழ் அறையில் மணி அடித்தால் முகம் சுளிக்கிற மனிதர் அவர். பூசை அண்ணையும் ஞாயிறுப் பிரசங்கத்தைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொன்னவர் இல்லை. அந்த வாரம் இருவரும் ஒரே கட்சி. மதங்கள் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று பேசுகிறவர்களைக் காணும்போது எனக்கு அந்த வாரம்தான் ஞாபகம் வரும்.

எனக்கு வழி தெரியவில்லை. நகரத்தின் மறுபக்கத்தில் வேறொரு இல்லத்தில் வேலை செய்த ஒரு ஜேர்மன் பெண் இருந்தாள். எங்கள் எல்லாரையும்விட அனுபவம் கூடியவள், வாய் பொல்லாதவள். பெயர் போட்டால் அவளுக்குப் பிடிக்காது. அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். எதையோ மென்றுகொண்டே கேட்டாள். முழுவதையும் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இடம் மாற வேண்டும் என்று அந்த இருவரும் கேட்டார்களா?"

"இல்லை. மற்றவர்கள்தான் கேட்கிறார்கள்."

"அப்போ மற்றவர்களை மாற்று. இடமாற்றம் கேட்கிறவனுக்குத்தானே இடமாற்றம்?" சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் மதியம், தட்டுகள் மேசையில் ஆறிக்கொண்டிருக்கும்போது நான் மண்டபத்தின் நடுவில் போய் நின்றேன். இயக்குநரிடம் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டார்.

"ரெண்டு பேரோட ஒரே வீட்டில இருக்கேலாது எண்டு சொல்லுறியள். சரி. ஏலாதவை எல்லாரும் இப்பவே என்னட்டப் பேர் தாங்கோ. வேற ஹைமுக்கு மாத்திறதுக்கு நான் இண்டைக்கே கேக்கிறன். காட்டுப் பக்கம், மலைப் பக்கம், எல்லைப் பக்கம் எல்லாம் இடம் இருக்கு. போனாப் பிறகு மியூனிக்குக்குத் திரும்பி வரேலாது. அதையும் இப்பவே சொல்லிப்போட்டன்."

ஒருவரும் பேர் தரவில்லை. மண்டபத்தில் பாதிப்பேர் நகரத்து உணவகங்களில் களவாகக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர்கள். எல்லைப் பக்கத்து மலை ஊரில் கழுவ என்ன கோப்பை இருக்கிறது? பூசை அண்ணையை எல்லாரும் பார்த்தார்கள். அவர் எழும்பினார்.

"அக்கா, நீங்கள் எங்களை வெருட்டிறியள்."

"நீங்கள் கேட்டதைத்தான் தாறன், அண்ணை. முதல் பேர் உங்கடதோ?"

அவர் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். பின்வரிசையில் அன்றைக்குப் பகிடி விட்ட அதே குரல், "இண்டைக்குக் கோழி போல கிடக்கு, மச்சான். ஆறப்போகுது" என்றது. ஒரு கரண்டிச் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மண்டபம் வழமை போல இரைந்தது.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் அப்படி நினைக்கிற நேரம்தான் ஆபத்து. எல்லாருக்கும் முன்னால் தோற்ற ஆள் வேறு கதவைத் தேடுவார். அந்தக் கதவு எது என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து மரியதாசுக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. செக்கோஸ்லோவாக்கிய எல்லைக்குப் பக்கத்தில், பனிக்காலத்தில் வீதி மூடிவிடுகிற ஒரு ஊர். நான் இயக்குநரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன்.

"நான் இதைக் கேட்கவில்லை. யார் கேட்டது?"

அவருக்கு என்னைப் பார்த்துப் பேச முடியவில்லை. "பாதிரியார் சொன்னார். அதன் பிறகுதான் நான் அகதிகளுக்கு இடம் ஒதுக்கும் அலுவலகத்தோடு பேசினேன்."

"பாதிரியாருக்கு இதை யார் சொன்னது?"

"உங்கள் ஆட்கள்தான். பூசை செய்கிற அந்த மனிதர். ஜேர்மன் கொஞ்சம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு பாதிரியாரின் வீட்டுக்கே போயிருக்கிறார்."

சனத்துக்கு முன்னால் தோற்றவர், பாதிரியாரின் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தார். சைவப் பூசை செய்கிறவர், கத்தோலிக்கக் குருவிடம் போய், ஒரு கத்தோலிக்கப் பெடியனை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

உத்தரவை நிறுத்த ஓடினேன். வழக்கறிஞர் கையை விரித்தார்: இடம் ஒதுக்குவது அலுவலகத்தின் உரிமை, காரணம் காட்டத் தேவையில்லை. மரியதாஸ் பேசாமல் பெட்டியை அடுக்கத் தொடங்கினான். குகன் என் அறைக்கு வந்தான். இந்த முறை மெதுவாகப் பேசவில்லை.

"நானும் போறன். என்னையும் அங்க மாத்தச் சொல்லி எழுதுங்கோ."

"சொந்தக்காரரைத்தான் சேத்து விடுவினம், குகன்."

"அப்ப சொந்தம் எண்டு எழுதுங்கோ. ஒண்டுவிட்ட தம்பி எண்டு எழுதுங்கோ. எல்லாரும் அப்பிடித்தானே எழுதுகினம்?"

உண்மைதான். கூட வந்தவனைத் தம்பி என்பதும் மச்சான் என்பதும் எங்களுக்குப் பொய்யாகவே படாது. என் பேனா கையில் இருந்தது. ஒரு வரி எழுதினால் போதும். எழுதவில்லை. இருவரும் தங்கள் விசாரணையில் குடும்ப விபரத்தை ஏற்கனவே சொல்லியிருந்தார்கள். குகன் சைவம், மற்றவன் கத்தோலிக்கம், ஊர் வேறு, மாவட்டம் வேறு. யாராவது ஒருநாள் இருவரின் கோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சொந்தத்தில் பொய் சொன்னவன் சித்திரவதைக் கதையிலும் பொய்தான் சொல்லியிருப்பான் என்று இருவரையும் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நெருக்கடியில் கைக்கு வருகிற முதல் பொய், அநேகமாக அந்த ஆளுக்கே குழி வெட்டும்.

"அப்ப என்னண்டு எழுதுவியள்?" குகன் தாளை என் பக்கம் தள்ளினான். "உண்மையை எழுதுவியளோ?"

உண்மையை எழுதினாலும் சட்டத்தில் அதற்கு இடமில்லை. நான் யோசித்தேன். அந்த அலுவலகம் முழுக்க எதற்காக இருக்கிறது? கிராமத்தில் இருக்கிறவன் நகரத்துக்கு வராமல் தடுப்பதற்கு. மியூனிக்குக்கு வர விரும்புகிறவர்களின் விண்ணப்பங்கள் மலைபோலக் கிடந்தன. மியூனிக்கை விட்டுப் போக விரும்பியவன் ஒருவன் அதுவரை இருந்திருக்கிறானா?

"ஒண்டும் எழுதப்போறதில்லை" என்றேன்.

விண்ணப்பத்தில் அவன் பெயரும், போக விரும்பும் ஊரும் எழுதினேன். காரணம் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். தபாலில் போடவில்லை, நானே கொண்டுபோனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"எழுத்துப் பிழையா? அங்கிருந்து மியூனிக்குக்கா?"

"இல்லை. மியூனிக்கிலிருந்து அங்கே."

"தானாக விரும்பியா?"

"ஓம். தானாக விரும்பி."

"அங்கே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமா? காடு. பனி. அதுக்கு அப்பால் முள்ளுக்கம்பி."

"தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். காரணம் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பக்கத்து மேசையில் இருந்தவரைக் கூப்பிட்டு, "இங்கே பார், ஒருவன் போகப்போகிறானாம்" என்று காட்டிச் சிரித்தார். இருவரும் சிரித்தார்கள். முத்திரை குத்திக் கொடுத்தார்.

யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் எழுதாதீர்கள், பிள்ளைகளே. உங்களுக்கு நான் தொழில்நுட்பமாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

குகன் புறப்பட்ட அன்று வாசலில் கொஞ்சப் பேர் நின்றார்கள். ஒருவன் அவன் பெட்டியை ட்ராம் வரை தூக்கிக்கொண்டு போனான். பூசை அண்ணை வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நிலக்கீழ் அறையில் பூசை வழமை போல நடந்தது.

அவர்கள் அந்த மலை ஊரில் இரண்டு பனிக்காலம் இருந்தார்கள். அங்கே ஹைமை நடத்திய விவசாயி மனைவிக்கு இவர்கள் யார் என்பதில் அக்கறை இல்லை, கூரையில் பனி அள்ளத் தெரியுமா என்பதில்தான் அக்கறை. பிறகு விண்ணப்பம் ஏற்கப்பட்டு, டோர்ட்மண்ட் பக்கம் போனார்கள். மரியதாஸ் வெல்டிங் வேலைக்குப் போனான். குகன் கணக்குப் படித்துத் தேறி, ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றான். இன்றைக்கும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். காதலைப் பற்றி அவர்கள் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. குளியலறைத் தரையோடுகளை மாற்றுவதா விடுவதா என்று தொலைபேசியில் சண்டை பிடிப்பார்கள், நடுவில் என்னை இழுப்பார்கள்.

எங்களிடம் வருகிறவர்களின் கதையை வெளியில் சொல்லக்கூடாது என்பது தொழிலின் முதல் விதி. நான் ஓய்வு பெற்ற பிறகும் அது மாறவில்லை. ஆண்டு விழா முடிந்த அடுத்த நாள் இருவருக்கும் தொலைபேசி எடுத்து, மேடையில் சொல்லப்பட்டதைச் சொன்னேன். முதலில் பேசியது மரியதாஸ்.

"எழுதுங்கோ, அக்கா. பேரைப் போட்டே எழுதுங்கோ. நாங்கள் இருக்கேல்லையாம். அப்ப அந்தப் பனியை அள்ளினது ஆர்?"

பின்னால் குகனின் குரல் கேட்டது: "அந்தப் பிள்ளையளுக்கு மண்டபம் குடுத்தவையோ எண்டு முதல் கேள்."

கொடுக்கவில்லை, தலைவரே. மண்டபம் கேட்ட அந்த மூன்று பிள்ளைகளும் இப்போது கோயிலுக்கு வருவதில்லை. அவர்களில் ஒருத்தியின் தாய் என் வீட்டுக்கு வந்து அழுதாள். "இது முந்தி எங்களிட்ட இருக்கேல்லையாம், அப்ப நான்தானே பிள்ளையைப் பிழையா வளத்திட்டன்" என்று கேட்டாள். உங்கள் ஒரு வசனம் செய்த வேலை அது. உங்களுக்கு ஊர்ப் பயம் இருந்தது, மானப் பயம் இருந்தது, அதை நான் இங்கேயே எழுதியிருக்கிறேன். பயத்துக்கு மன்னிப்பு உண்டு. தெரிந்துகொண்டே ஒரு தாய்க்குச் சொன்ன பொய்க்கு என்னிடம் மன்னிப்பு இல்லை.

அடுத்த மாதம் கோயிலின் பொதுக்கூட்டம். குகனும் மரியதாசும் ரயிலில் வருகிறார்கள். இப்போது அவர்கள் எல்லை தாண்ட யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. முன்வரிசையில் இருப்பார்கள். எனக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். பாதிரியாரின் வீட்டுக் கதவைப் போல இன்னொரு பின்கதவைத் தேட வேண்டாம். அந்தக் கூட்டத்தில் எழும்பி, அவர்கள் இருவரின் முகத்தையும் பார்த்து, அந்தத் தாயும் மற்றச் சனமும் கேட்கும்படி, இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இவர்கள் எங்களுக்குள் இருந்தார்களா, இல்லையா? இவர்களைப் பிரிக்கச் சொல்லிப் பாதிரியாரின் வீட்டுக்குப் போனது நீங்களா, இல்லையா?